புதுத் துப்பாக்கி ஏன் குறி தவறுகிறது?
(1857-ஆம் ஆண்டின் என்பீல்டு ரைபிள் நமக்குக் கற்பிக்கும் பாடம்)

டில்லியில் படிக்கும் தமிழ் மாணவர்களுக்கு லக்ஷ்மிபாய் நகர் புதிய இடமன்று. அங்கே உறவினர் வீடு இருக்கும். இல்லாவிட்டால் அங்குள்ள தமிழ்ப் பள்ளியில் படித்த நண்பர் ஒருவராவது இருப்பார். அந்நகருக்குப் பெயர் தந்த ஜான்சி ராணி 1858-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் குவாலியரை அடுத்த போர்க்களத்தில் உயிர் நீத்தார். டில்லிப் பல்கலைக்கழகத்தை ஒட்டி நீண்டு கிடக்கும் ரிட்ஜ் குன்றிலேதான், அதற்கு முந்தைய ஆண்டு ஜூன் முதல் செப்டம்பர் வரை ஆங்கிலப் படை முகாமிட்டிருந்தது. நாம் மாலையில் உலாவச் செல்லும் கொடிமரக் கோபுரமும், இன்று மருத்துவமனையாக விளங்கும் இந்து ராவ் மாளிகையும் அப்போரின் சாட்சிகள்.

அப்போரைப் பற்றிப் பேசும்போது 'கொழுப்புத் தடவிய தோட்டா' என்ற சொற்கள் தவறாமல் வரும். பரீட்சையிலும் எழுதியிருக்கிறோம். ஆனால் தோட்டாவுக்குக் கொழுப்பு எதற்கு? அதற்கு முன் ஒரு நூற்றாண்டாகச் சிப்பாய்கள் கையாண்ட துப்பாக்கிக்குத் தேவைப்படாத கொழுப்பு, புதுத் துப்பாக்கிக்கு மட்டும் ஏன் தேவைப்பட்டது? வரலாற்று நூல் இதை விளக்குவதில்லை. பௌதிக நூலோ இதைப் பற்றிப் பேசுவதில்லை. இரண்டுக்கும் இடையே விழுந்துவிட்ட இந்தக் கேள்விக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம். வாய்வழியாக மருந்து நிரப்பும் புதிய ரைபிள் குறி தவறினால் அதன் காரணத்தை எப்படிக் கண்டுபிடிப்பது என்ற கேள்வியும் இதனோடு பிணைந்தது.

1. குண்டு ஏன் வழி தவறுகிறது?

வாய்வழித் துப்பாக்கியில் முதலில் குழலின் வாய் வழியே மருந்தைக் கொட்டவேண்டும். பின்பு குண்டை வைத்து, கெட்டிக்கும் கோலால் மருந்தின்மேல் போய்ப் படியும்வரை தள்ளவேண்டும். குழலின் அடியில் உள்ள சிறு முளைமேல் கேப்பைப் பொருத்திக் குதிரையை விழச் செய்தால், தீ உட்புகுந்து மருந்து வெடிக்கும்.

பழைய 'பிரௌன் பெஸ்' துப்பாக்கியின் குழல் உட்புறம் வழவழப்பானது. அதன் உள்விட்டம் ஏறக்குறைய .75 அங்குலம், ஈயக் குண்டின் விட்டமோ ஏறக்குறைய.69 அங்குலம். இந்த இடைவெளியினால் குண்டு எளிதாக உள்ளே விழும். ஆனால் வெளியேறும்போது குழலின் இருபுறச் சுவர்களிலும் மோதி மோதி வரும். கடைசியாக எந்தப் பக்கம் மோதியதோ அதற்கேற்பத் திசையும் சுழற்சியும் அமையும். நூறு கஜத்துக்கு அப்பால் ஒரு தனி மனிதனைக் குறிவைத்து அடிப்பது ஏறக்குறைய அதிர்ஷ்டத்தின் வேலையாகவே இருந்தது.

இதன் காரணத்தை முதன்முதலில் சோதனை மூலம் விளக்கியவர் பெஞ்சமின் ராபின்ஸ் என்ற ஆங்கில அறிஞர். 1742-இல் வெளியான அவருடைய பீரங்கியியல் நூலை ஆய்லர் என்ற மாபெரும் கணித மேதையே ஜெர்மன் மொழியில் பெயர்த்து உரை எழுதினார். ராபின்ஸ் ஒரு துப்பாக்கிக் குழலின் முனையைச் சிறிது இடப்புறம் வளைத்து, வரிசையாக நிறுத்திய மெல்லிய காகிதத் திரைகளினூடே சுட்டார. குண்டு முதலில் இடப்புறம் சென்றது. தொலைவு கூடியதும் வலப்புறம் திரும்பிவிட்டது! வளைவில் குழலின் வலச் சுவரை உரசி உருண்டு வந்ததால் குண்டு சுழன்றது. சுழலும் குண்டைக் காற்று பக்கவாட்டில் தள்ளியது. டேபிள் டென்னிஸ் ஆடுவோர் பந்தைச் சுழற்றி வளையச் செய்வதும் இதே தத்துவந்தான்.

அப்படியானால் சுழற்சியை ஒழிக்க வேண்டுமா? ஒழிக்க முடியாது, ஒழுங்குபடுத்தலாம். குழலின் உட்புறத்தில் திருகு போலப் புரி வெட்டி, குண்டு தன் செல்திசையையே அச்சாகக் கொண்டு சுழலுமாறு செய்தால் அது நேராகச் செல்லும். புரிக்குழலின் பெருமையை எந்த நாடு முதலில் உணர்கிறதோ அந்நாட்டுப் படை மேலோங்கும் என்று ராபின்ஸ் 1747-இலேயே எழுதினார். இவ்வறிஞர் கிழக்கிந்தியக் கம்பெனியின் பொறியாளராக நம் நாட்டுக்கு வந்து, 1751-இல் கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்துச் செயின்ட் டேவிட் கோட்டையில் காலமானார் என்பது நம்மில் பலர் அறியாத செய்தி.

2. ஊதுகுழல் அம்பும் புதிய குண்டும்

புரி நன்மை செய்தது. உடன் ஒரு தொல்லையும் வந்தது. குண்டு புரியைப் பற்றிக்கொள்ள வேண்டுமானால் இறுக்கமாக இருக்கவேண்டும். இறுக்கமான குண்டை வாய்வழியே தள்ளுவது கடினம்; போர்க்களத்தில் அதற்கு நேரமும் இல்லை. உள்ளே போகும்போது தளர்வாகவும், வெளியே வரும்போது இறுக்கமாகவும் இருக்கும் குண்டு வேண்டும். இந்த முரண்பாட்டை எப்படித் தீர்ப்பது?

தென்னிந்தியாவில் பணிபுரிந்த 34-ஆவது படைப்பிரிவின் காப்டன் ஜான் நார்ட்டனுக்கு இங்கே ஒரு காட்சி வழிகாட்டியது என்று துப்பாக்கி வரலாறு எழுதியோர் கூறுவர். இங்குள்ள மக்கள் ஊதுகுழலில் எய்யும் சிற்றம்பின் அடியில் நெட்டி போன்ற மென்பொருள் வைத்திருந்தனர். ஊதும்போது அது விரிந்து குழலை அடைத்துக்கொள்ளும். காற்று பக்கவாட்டில் நழுவாது. அதே போல நார்ட்டன் அடியில் குழிவுள்ள நீள்குண்டு ஒன்றை அமைத்தார். மருந்து வெடிக்கும்போது வாயு அக்குழிவை விரித்துப் புரியினுள் அழுத்தும். பின்னர் 1849-இல் பிரெஞ்சு இராணுவத்தின் மினியே இத்தத்துவத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். 'துப்பாக்கி' என்னும் சொல்லே துருக்கி மொழியிலிருந்து நம்மிடம் வந்தது. அம்மொழியில் அதன் மூலச் சொல் பழங்காலத்தில் ஊதுகுழலைக் குறித்தது என்பதையும் இங்கே நினைக்கலாம்.

3. என்பீல்டுக்கு வந்த நோய்

இங்கிலாந்து 1853-இல் என்பீல்டு ரைபிளை ஏற்றது. அதன் குழல் 39 அங்குல நீளம், உள்விட்டம்.577 அங்குலம், உள்ளே மூன்று புரிகள், 78 அங்குலத்துக்கு ஒரு சுற்று. பிரிச்செட் குண்டின் விட்டம் .568 அங்குலம். ஆக, குண்டுக்கும் குழலுக்கும் இடையே எஞ்சியது ஓர் அங்குலத்தை ஆயிரம் பங்காக்கினால் அதில் 9 பங்கு மட்டுமே. அந்த இடத்தையும் குண்டைச் சுற்றிய காகிதம் பெரும்பாலும் நிரப்பிவிடும்.

இப்போது கொழுப்பின் காரணம் விளங்கும். கருமருந்து எரியும்போது அதன் எடையில் பாதிக்கு மேல் வாயுவாக மாறுவதில்லை, திடப்பொருளாகவே எஞ்சுகிறது. அதில் ஒரு பகுதி புகையாகப் போக, மிச்சம் கசடாகக் குழலில் படிகிறது. பிரௌன் பெஸ்ஸின் தாராளமான இடைவெளியில் இக்கசடு பெருந்தொல்லை தரவில்லை. என்பீல்டின் நெருக்கமான குழலிலோ, சில குண்டுகள் சுட்டதுமே அடுத்த குண்டு இறங்க மறுக்கும். கசடை இளக்கிக் குண்டை வழுக்கச் செய்யவே தோட்டாக் காகிதத்தின் மேல் கொழுப்புத் தடவினர். தோட்டாவின் ஒரு முனையைப் பல்லால் கடித்துக் கிழிப்பது அக்காலப் பயிற்சி முறை. பசுவின் கொழுப்போ பன்றியின் கொழுப்போ என்ற ஐயம் 1857 ஜனவரியில் கல்கத்தாவை அடுத்த டம்டமில் எழுந்தது. சிப்பாய்கள் தாங்களே நெய்யும் தேன்மெழுகும் கலந்து தடவிக்கொள்ளலாம் என்றும், கையால் கிழிக்கலாம் என்றும் பின்னர் உத்தரவுகள் வந்தன. அதற்குள் நம்பிக்கை போய்விட்டது. மார்ச் 29 அன்று பாரக்பூரில் மங்கள் பாண்டே எழுந்தார். மே 10 அன்று மீரட் எழுந்தது. கொழுப்பு ஒன்றே புரட்சிக்குக் காரணம் என்பது தவறு. நாடு பறிபோன வேதனையும், நிலவரியும், இழந்த உரிமைகளும் பின்னே இருந்தன. ஆயினும், ஓர் இயந்திரத்தின் நுட்பத் தேவையை மனிதரின் மனத்தோடு சேர்த்து எண்ணாத அதிகாரம் எதை இழக்கும் என்பதற்கு இது அழியாத சான்று.

கொழுப்பு மற்றொரு வகையிலும் ஏமாற்றியது. டில்லியின் கோடை வெயிலில் விலங்குக் கொழுப்பு உருகிக் காகிதத்தில் ஊறிப் போகும்; வழவழப்பு மறையும். வறண்ட காற்றில் கசடும் ஓடு போலக் கெட்டியாகும். குளிர்ந்த, ஈரமான இங்கிலாந்தில் தேர்ச்சி பெற்ற துப்பாக்கி இங்கே குண்டு நிரப்பவே சிரமப்படுத்தியது. மருந்து என்னவென்றால், கொழுப்பைக் குறைத்து எளிதில் உருகாத தேன்மெழுகை மிகுத்தனர்: ஐந்து பங்கு மெழுகுக்கு ஒரு பங்கு கொழுப்பு. குண்டின் விட்டத்தையும் 1859-ஆம் ஆண்டளவில் .55 அங்குலமாகக் குறைத்தனர். இடைவெளி மும்மடங்காயிற்று. அதை ஈடுகட்டக் குண்டின் அடிக்குழிவில் சிறு மரக்கட்டை செருகி நன்கு விரியச் செய்தனர். துப்பாக்கியின் உடலைத் தொடாமலே பெரும்பகுதி நோய் தீர்ந்தது. புதுத் துப்பாக்கி குறி தவறினால் முதலில் குழலைப் பழிக்காமல், அதற்கு ஊட்டும் உணவைப் பார்க்கவேண்டும் என்பது இதன் பாடம்.

4. ஒரு கணக்கு

78 அங்குலத்துக்கு ஒரு சுற்று போதுமா? கிரீன்ஹில் என்பவர் 1879-இல் தந்த எளிய சூத்திரம் ஒன்று உண்டு. குண்டின் விட்டத்தை அதனாலேயே பெருக்கி, 150-ஆல் பெருக்கி, குண்டின் நீளத்தால் வகுக்கவேண்டும், எல்லாம் அங்குலத்தில். விடையாக வருவது, ஒரு சுற்றுக்கு உரிய குழல் நீளம்.

குண்டின் விட்டம் .568, நீளம் ஏறக்குறைய 1 அங்குலம் என்று கொள்வோம். .568 × .568 = .3226. இதை 150-ஆல் பெருக்க 48.4 வருகிறது. அதாவது 48 அங்குலத்துக்கு ஒரு சுற்று. சூத்திரம் தோன்றுவதற்கு முன்பே, அனுபவத்தினால், 1858-இல் செய்த கடற்படை ரைபிளுக்கு 48 அங்குலத்துக்கு ஒரு சுற்றும் ஐந்து புரிகளும் வைத்தனர். அது பழைய நீண்ட என்பீல்டை விட நன்றாகச் சுட்டது. அடியில் குழிவு இருந்ததால் குண்டின் எடை முன்புறம் கூடி, 78 அங்குலச் சுற்றும் நடுத்தரத் தொலைவு வரை சமாளித்தது, நெடுந்தொலைவில் சமாளிக்கவில்லை.

இந்த ஆராய்ச்சியை முறைப்படி நடத்தியவர் மான்செஸ்டர் இயந்திர நிபுணர் ஜோசப் விட்வொர்த். என்பீல்டுகள் ஒன்றுபோல் மற்றொன்று சுடாத காரணத்தைக் கண்டறியுமாறு 1854-இல் அரசு அவரை வேண்டியது. காற்றின் குறுக்கீடு இல்லாதிருக்க 500 கஜ நீளத்துக்கு ஒரு மூடிய கூடமே கட்டினார். குண்டின் பாதையை அறிய அதன் குறுக்கே காகிதத் திரைகள் தொங்கவிட்டார்; நம் ராபின்ஸ் காட்டிய வழிதான். குழலின் விட்டம், புரியின் சுற்று, குண்டின் நீளம் ஆகியவற்றை ஆராய்ந்து, .451 அங்குல விட்டமும் 20 அங்குலத்துக்கு ஒரு சுற்றும் உடைய அறுகோணக் குழலைப் படைத்தார். 1857-இல் நடந்த சோதனையில், 500 கஜத்தில் குண்டுகளின் சராசரி விலகல் என்பீல்டுக்கு 2.24 அடி, விட்வொர்த் ரைபிளுக்கு.37 அடி. 1860-இல் விம்பிள்டனில் விக்டோரியா அரசியார், தாங்கியில் பொருத்திய விட்வொர்த் ரைபிளின் கயிற்றை இழுக்க, 400 கஜத்தில் இலக்கின் மையத்திலிருந்து ஒன்றேகால் அங்குலத்தில் குண்டு பாய்ந்தது. அப்படியும் இராணுவம் அதை ஏற்கவில்லை. சிறிய குழலில் கசடு விரைவில் அடைத்தது, விலையும் மிகுதி. குறி தப்பாமை ஒன்றே ஒரு கருவியின் முழுத் தகுதி ஆகாது.

5. நோய் காணும் முறை

இனி, புதிய வாய்வழி ரைபிள் ஒன்று குறி தவறுகிறது என்று கொள்வோம். (நம் நாட்டில் இத்தகைய துப்பாக்கிக்கும் 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி பொதுவாக உரிமம் வேண்டும், சோதனை நடக்கவேண்டிய இடம் அங்கீகாரம் பெற்ற சுடுகளம் ஒன்றுதான்.) என்.சி.சி.யில் .22 ரைபிள் சுட்ட நண்பர்களுக்குக் கீழ்க்கண்ட முறையின் முதற்பகுதி பழக்கமானதே.

முதலாவது, சுடுபவரைச் சோதித்தல். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். துப்பாக்கியை மணல் மூட்டைமேல் சாய்த்து வைத்து 50 கஜத்தில் ஐந்து குண்டுகள் சுடவேண்டும். கேப்பு வெடிப்பதற்கும் குண்டு வெளியேறுவதற்கும் இடையே சிறு தாமதம் உண்டு. அந்நேரத்தில் தோள் அசைந்தால் குறி போயிற்று. தேர்ந்த ஒருவர் சுட்டும் சிதறினால் மட்டுமே துப்பாக்கியை ஐயுறலாம்.

இரண்டாவது, துளைகளைப் படித்தல். ஐந்தும் நெருங்கி, ஆனால் மையத்தை விட்டு விலகி இருந்தால் துப்பாக்கி குற்றமற்றது. குறிபார்க்கும் முள்ளை நகர்த்தினால் போதும். மேலும் கீழுமாக நீண்டிருந்தால் மருந்தின் அளவோ, குண்டைக் கெட்டிக்கும் அழுத்தமோ மாறுபடுகிறது. வேகம் மாறுவதால் உயரம் மாறுகிறது. பக்கவாட்டில் பரவினால் காற்று, ஆடும் குறிமுள், சாய்த்துப் பிடித்தல் ஆகியவற்றைப் பார்க்கவேண்டும். முதல் இரண்டு நெருங்கி, பின்னவை வரவர அகன்றால் கசடுதான் காரணம். துளை வட்டமாக இல்லாமல் நீண்டு தெரிந்தால் குண்டு புரண்டு செல்கிறது. புரியின் சுற்று அக்குண்டுக்குப் போதவில்லை, அல்லது குண்டு புரியைப் பற்றவில்லை.

மூன்றாவது, எண்ணெய். புதுத் துப்பாக்கியில் துருப்பிடிக்காமலிருக்க எண்ணெய் பூசியிருப்பார்கள். அதை முழுதும் துடைக்காவிட்டால் மருந்து நனையும். முதற்குண்டு தனி வழி போகும். நிரப்புமுன் வெறும் கேப்பு ஒன்றை வெடித்துத் தீவழியை உலர்த்துவது நல்ல பழக்கம்.

நான்காவது, சுற்றுத்துணி. உருண்டைக் குண்டுக்கு எண்ணெயிட்ட துணித்துண்டு சுற்றுவது வழக்கம். சுட்டபின் சில கஜ தூரத்தில் விழும் அத்துணியை எடுத்துப் பார்த்தாலே பாதி உண்மை தெரியும். புரியின் வரிசையில் வெட்டுகள் இருந்தால் புதுக்குழலின் புரி விளிம்புகள் கூராக உள்ளன. பல குண்டுகள் சுட்ட பின் அவை தாமே மழுங்கும், அல்லது மென்மையாகத் தேய்க்கவேண்டும். துணி கருகி ஓட்டை விழுந்திருந்தால் வாயு பக்கவாட்டில் நழுவுகிறது. தடித்த துணியோ சற்றுப் பெரிய குண்டோ வேண்டும்.

ஐந்தாவது, மருந்தின் அளவு. ஒவ்வொரு துப்பாக்கிக்கும் ஒத்துப்போகும் அளவு ஒன்று உண்டு. செய்தவர் குறித்த வரம்புக்குள், குறைந்த அளவில் தொடங்கி, சிறிது சிறிதாகக் கூட்டி, ஒவ்வோர் அளவுக்கும் ஐந்து குண்டுகள் சுட்டு எழுதி வைக்கவேண்டும். குப்பியிலிருந்து நேராகக் குழலில் கொட்டுவது ஆபத்து, அளவுகுவளையைப் பயன்படுத்தவேண்டும். கெட்டிக்கும் கோலில் ஒரு கோடு கீறி, குண்டு மருந்தின்மேல் படிந்ததா என்று ஒவ்வொரு முறையும் பார்க்கவேண்டும். இடையில் வெற்றிடம் விட்டால் குறி கெடுவது மட்டுமன்று, குழலே வெடிக்கக்கூடும்.

ஆறாவது, துடைத்தல். ஒவ்வொரு குண்டுக்குப் பின்னும் ஈரத்துணியால் ஒரு முறை, உலர்ந்த துணியால் ஒரு முறை துடைத்துச் சுட்டுப் பார்க்கவேண்டும். இதனால் சிதறல் குறைந்தால் கசடே எதிரி என்பது உறுதி. சென்னையின் ஈரக்காற்றில் கசடு இளகி நிற்கும்; மே மாத டில்லியில் அதே துப்பாக்கிக்கு இருமடங்கு கவனம் தேவை.

ஏழாவது, உடலுறுப்புகள். குழலைக் கட்டையோடு பிணைக்கும் ஆணிகளும் வளையங்களும் தளர்ந்துள்ளனவா, குழல்வாயின் விளிம்பில் சிறு காயமாவது உள்ளதா என்று பார்க்கவேண்டும். குண்டு கடைசியாகத் தொட்டு விடைபெறும் இடம் அந்த விளிம்பு. அங்கே உள்ள ஒரு கீறல் குண்டைச் சாய்த்துவிடும்.

இவையனைத்துக்கும் மேலான விதி ஒன்று: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றவேண்டும். மருந்தையும் துணியையும் ஒரே நாளில் மாற்றிச் சிதறல் குறைந்தால், எதனால் குறைந்தது என்று சொல்ல முடியாது. குணம் கிடைத்திருக்கும், அறிவு கிடைத்திராது.

6. முடிவுரை

ஒரு வரலாற்று முரணையும் நினைவிற் கொள்வோம். டில்லி முற்றுகையில் ரிட்ஜின்மேல் இருந்த 60-ஆவது ரைபிள் படை என்பீல்டு தாங்கியிருந்தது. எதிரே நகருக்குள் இருந்த சிப்பாய்களில் பெரும்பாலோர் பழைய வழவழப்புக் குழல் துப்பாக்கியே ஏந்தினர். தாங்கள் மறுத்த கருவியின் நெடுந்தொலைவுக் குண்டுகளுக்கே அவர்கள் மார்பு காட்டி நின்றனர். அம்மறுப்பை அறியாமை என்று எழுதிய ஆங்கிலேயர் உண்டு. ஆனால் தோட்டாவில் என்ன தடவியிருக்கிறது, ஏன் தடவியிருக்கிறது என்று உண்மையை எடுத்துச் சொல்லி விளக்கும் பொறுப்பு கருவியைக் கொடுத்தவருடையது. கேட்டவன்மேல் குற்றமில்லை.

நம்மில் சிலர் நாளை பொறியாளராவோம், சிலர் அதிகாரிகளாவோம். நாம் ஊருக்கு அளிக்கும் புதிய இயந்திரமோ, விதையோ, திட்டமோ குறி தவறும்போது இரண்டு கேள்விகளைக் கேட்கப் பழகுவோம். ஒன்றை மட்டும் மாற்றிப் பார்த்தோமா? அதைக் கையில் எடுத்துப் பயன்படுத்துகிறவரிடம் காரணத்தைச் சொன்னோமா?

சிந்தனைக்குச் சில வினாக்கள்:

(1) .55 அங்குல விட்டமும் 1.1 அங்குல நீளமும் உள்ள குண்டுக்குக் கிரீன்ஹில் சூத்திரப்படி எத்தனை அங்குலத்துக்கு ஒரு சுற்று வேண்டும்?

(2) குண்டைச் சிறிதாக்கியும் குறி கெடாமலிருக்க என்பீல்டில் என்ன செய்தனர்? ஊதுகுழல் அம்போடு அதை ஒப்பிடுக.

(3) ஐந்து துளைகளும் செங்குத்தாக ஒரே கோட்டில் விழுந்தால், முதலில் எதைச் சோதிப்பீர்? ஏன்?